பக்கத்தில் நின்றவன் பெயர்

கப்பலூர் என்றால் மதுரைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுங்கச்சாவடிதான். அதை எடுக்கச் சொல்லி திருமங்கலத்து மக்கள் எத்தனையோ முறை போராடியிருக்கிறார்கள். பக்கத்திலேயே சிட்கோ தொழிற்பேட்டை, பஞ்சாலை, இரவு பகல் பாராமல் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரிகள். இந்தச் சாவடியைக் கடக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, தெற்கே கன்னியாகுமரியில் முடிகிறது. வடக்கே பிடித்துப் போனால் ஸ்ரீநகரில் போய் நிற்கிறது. மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா மாவட்டம் லெத்போராவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் வாகன வரிசைமீது வெடிமருந்து ஏற்றிய வண்டி மோதி 40 பேர் இறந்ததும் இதே சாலையில்தான். அவர்களில் இருவர் தமிழர்கள்: தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரன். காஷ்மீர் என்பது ஏதோ தூரத்து ஊர், அங்கே நடப்பது யாருடைய சண்டையோ என்று கப்பலூரில் நின்றுகொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. சாலை ஒன்றுதான்.

அந்தச் சாலையின் மறுமுனையைத் தமிழ் வீடுகளின் கூடத்துக்கே கொண்டுவந்த படம் ‘அமரன்’. 2024 தீபாவளி நாளான அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கம், கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனத் தயாரிப்பு. மேஜர் முகுந்த் வரதராஜனாக சிவகார்த்திகேயனும் அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸாக சாய் பல்லவியும் நடித்திருந்தார்கள். கதை கற்பனையல்ல. தாம்பரத்தைச் சேர்ந்த முகுந்த் 2006இல் ராஜ்புத் ரெஜிமெண்டில் அதிகாரியாகச் சேர்ந்தவர். பின்னர் 44ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் பிரிவில், தெற்குக் காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் பணியாற்றினார். 2014 மக்களவைத் தேர்தல் நேரம். ஏப்ரல் 24 அன்று அந்த மாவட்டத்தில் தேர்தல் பணிக் குழு ஒன்று தாக்கப்பட்டு, அலுவலர் ஒருவர் கொல்லப்பட்டார். மறுநாள் காசிப்பத்ரி என்ற கிராமத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த இடத்தை முகுந்தின் குழு சுற்றி வளைத்தது. சண்டையில் மூன்று தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள். முகுந்தும் உயிரிழந்தார், வயது 31. 2015 குடியரசு நாளில், அமெரிக்க அதிபர் ஒபாமா விருந்தினராக உட்கார்ந்திருந்த டெல்லி ராஜபாதையில், குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் கையிலிருந்து கணவருக்கான அசோக சக்ரா விருதை இந்து பெற்றுக்கொண்டார்.

மேலே ஒரு பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காசிப்பத்ரியில் அன்று இறந்த ராணுவத்தினர் இருவர். இன்னொருவர் சிப்பாய் விக்ரம் சிங். முகுந்தோடு கூடவே முன்னால் போனவர், கூடவே வீழ்ந்தவர். படத்தில் புவன் அரோரா அந்தப் பாத்திரத்தில் நடித்திருந்தார். இயக்குநர் அவரை மறைக்கவில்லை. ஆனாலும் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் முகுந்தைப் பற்றிப் பேசினார்கள், இந்துவின் காத்திருப்பைப் பற்றிப் பேசினார்கள். விக்ரம் சிங்கைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மேலே உள்ள பத்தியைப் படித்தபோது ஒரு ஆள் குறைகிறாரே என்று எத்தனை வாசகர்களுக்குத் தோன்றியிருக்கும்? நம் போர்ப்படங்களும் அவற்றைப் பார்க்கும் நாமும் சேர்ந்து செய்யும் பிழை இதில்தான் இருக்கிறது. சிப்பாயின் விசுவாசம் பக்கத்தில் நிற்பவன்மீது வைத்த விசுவாசம். அதைக் கதையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தில் நின்றவனையே மறந்துபோனால், சொன்ன கதை பாதிதான்.

விசுவாசம் என்றதும் தமிழ் மனம் மேல்நோக்கியே பார்க்கும். செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடுப்பது. கர்ணனும் கும்பகர்ணனும் அதற்கு நமக்குப் பழகிய உதாரணங்கள். இந்திய ராணுவத்திலும் அதற்கு நெருங்கிய ஒரு வழக்கு உண்டு: நாம், நமக், நிஷான். பெயர், உப்பு, கொடி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற நம் பழமொழியின் உப்புதான் அந்த நடுச் சொல்லும். ஆனால் குண்டு பறக்கும் இடத்தில் மனிதனை ஓடாமல் நிறுத்தி வைப்பது எது என்று ஆராய்ந்தவர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1948இல், எட்வர்ட் ஷில்ஸ், மோரிஸ் ஜனோவிட்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் ஜெர்மன் படை தோற்றுக்கொண்டே வந்தும் ஏன் கலையாமல் நின்றது என்று ஆராய்ந்தார்கள். கொள்கையைவிட, கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்கி, கூடவே பயந்த சிறு கூட்டத்தின் பிணைப்புதான் அவர்களைப் பிடித்து நிறுத்தியது என்பது அவர்கள் கண்ட விடை.

நம் பக்கத்துச் சான்று இன்னும் நேரடியானது. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி, 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த 20 பேரில் ஒருவர். அவருக்கு வீர சக்ரா வழங்கியபோது அரசு கொடுத்த விவரம் அவர் எத்தனை எதிரிகளை வீழ்த்தினார் என்று கணக்குச் சொல்லவில்லை. கூரிய ஆயுதங்களோடு எதிரிகள் பாய்ந்தபோதும் இடத்தை விட்டு நகராமல், தன் தோழர்களைக் காக்க நின்றார் என்றுதான் சொல்கிறது. கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் இறந்த திருச்சி மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனியில் கிடந்தது. அவருடைய பிஹார் ரெஜிமெண்ட் வீரர்கள் அந்த முகட்டைப் பிடித்த பிறகுதான் உடலைக் கீழே கொண்டுவர முடிந்தது. அதன் பிறகே திருச்சிக்கு வந்து சேர்ந்தது.

கூட்டாளிப் பிணைப்புதான் படையை நிறுத்துகிறது என்ற கருத்தை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. ஓமர் பார்ட்டோவ் என்ற வரலாற்றாசிரியர் ஷில்ஸ், ஜனோவிட்ஸ் கூற்றை மறுத்தார். கிழக்குப் போர்முனையில் ஜெர்மன் படைக்குழுக்களில் மாதக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்காமல் ஆட்கள் செத்து, புது ஆட்கள் வந்து, அவர்களும் செத்து மாறிக்கொண்டே இருந்தார்கள். அப்படியிருக்க, கூட்டாளிப் பிணைப்பு எங்கே இருந்திருக்க முடியும், வெறியூட்டிய கொள்கைதான் அவர்களைச் செலுத்தியது என்பது அவர் வாதம். கனமான மறுப்புதான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒரு படைப்பிரிவு தன்னை அதே பிரிவு என்று எப்படி நினைத்துக்கொள்கிறது? ராஷ்ட்ரிய ரைபிள்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் தொடங்கிய அந்தப் படையில் யாரும் நிரந்தரமாக இருப்பதில்லை. வெவ்வேறு ரெஜிமெண்டுகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு வந்து, வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள்தான். அங்கே தொடர்ந்து இருப்பவர்கள் ஒரு வகையில் இறந்தவர்கள் மட்டும்தான். சுவரில் மாட்டிய படத்தில், நினைவுத் தூணில், புதிதாக வந்து சேர்ந்தவனுக்குச் சொல்லப்படும் கதையில் அவர்கள் இருக்கிறார்கள். நமக்கு ஏதாவது ஆனால் இவர்கள் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள், பெயரையாவது வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை புதியவனுக்கு அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வருகிறது. இறந்தவனை நினைப்பது போர் முடிந்த பிறகு செய்யும் சடங்கு என்று நாம் எண்ணுகிறோம். அடுத்த சண்டைக்குப் போகிறவனின் துணிச்சலே அதில்தான் ஊன்றியிருக்கிறது.

இதை நம் முன்னோர் எவ்வளவு துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று மதுரைக்கு மேற்கே, வைகைப் படுகையிலேயே இருக்கிறது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை என்று கணிக்கப்படும் இவை, எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை. அவற்றில் ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். அரசன் பெயர் இல்லை. வாளோங்கிய உருவம் இல்லை. புகழ்மாலை இல்லை. கீறியது போன்ற எழுத்தில் சில சொற்கள் மட்டும்: இது இன்ன ஊர்க்காரனான இன்ன பெயருடையவனின் கல், கூடலூரில் ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவன். பெயர், ஊர், நடந்தது. இருபது நூற்றாண்டு கழித்துப் படிக்கிற நமக்கும் அந்த மனிதன் யாரென்று தெரிந்துவிடுகிறது. சண்டை நாட்டுக்கும் நாட்டுக்கும் நடந்த பெரும் போர்கூட அல்ல, மாட்டுக்காக நடந்த சண்டை. அதற்காகப் பெயரை விட்டுவிடவில்லை.

கூட நின்றவனை மறக்காததற்கும் கல்லே சாட்சி. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது; கள்வர்களைக் கடித்து, காவலாக நின்றது என்ற செய்தியும் இருக்கிறது. துணைக்கு நின்ற வாயில்லா ஜீவனின் பெயரைக்கூட விட்டுவிட மனம் வராத மரபு நம்முடையது. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நீராட்டி நட்டு வாழ்த்துவது வரை துறை பிரித்துச் சொல்கிறது. வள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தைக் கல்லாகி நிற்கும் வீரர்களோடுதான் தொடங்குகிறார். அமரன் என்ற தலைப்பிலும் இந்த மரபின் எதிரொலி கேட்கிறது. இறந்தவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடும் வழக்கம் நமக்கு உண்டு. பழந்தமிழில் அமர் என்றால் போர் என்றும் பொருள்.

இப்போது மதுரைக்குத் திரும்புவோம். 2022 ஆகஸ்ட் 11, விடிவதற்கு முன். ரஜௌரி மாவட்டம் பர்கலில் உள்ள ராணுவ முகாமுக்குள் நுழைய இரண்டு தீவிரவாதிகள் முயன்றார்கள். காவலில் இருந்தவர்கள் கண்டுபிடித்துத் தடுத்தார்கள். வந்த இருவரும் கொல்லப்பட்டார்கள். தடுத்தவர்களில் மூவர் அன்றே இறந்ததாக ராணுவம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் மதுரை மாவட்டம் டி.புதுப்பட்டியைச் சேர்ந்த ரைபிள்மேன் லட்சுமணன். இரண்டு நாள் கழித்து அவர் உடல் மதுரை விமான நிலையத்துக்கு வந்தது. அங்கே அஞ்சலி செலுத்துவதில் கட்சிக்காரர்களுக்குள் தகராறு மூண்டு, அமைச்சர் ஒருவரின் கார்மீது செருப்பு விழுந்தது. அதன் பிறகு தமிழகம் முழுக்க அந்தச் செருப்பைப் பற்றித்தான் பேசியது. தேசியக்கொடி போர்த்திய பெட்டிக்குள் இருந்தவரின் பெயர் செய்தியின் கீழ்ப்பகுதிக்குப் போய்விட்டது. அவரோடு சேர்ந்து இறந்தவர்களின் பெயர்களோ மதுரைக்கு வந்தே சேரவில்லை. இது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய விஷயம். லட்சுமணன் யாருக்குப் பக்கத்தில் நின்று இறந்தார் என்பது தெரியாமல் அவரை நாம் எப்படி நினைக்க முடியும்?

அமரன் படத்தின்மீது வந்த மறுப்புகளில் முக்கியமானது, அது காஷ்மீர் முஸ்லிம்களைத் தவறாகக் காட்டுகிறது என்பது. சில அமைப்புகள் போராடின. போர்ப்படம் எடுத்தால் எதிரியை அரக்கனாக்கித்தான் தீர வேண்டும், அதனால் இப்படிப்பட்ட நினைவஞ்சலியே வெறுப்பை விதைக்கும் என்பது வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. சிப்பாய்களுக்கு முகமும் குரலும் பேச்சுவழக்கும் கொடுத்த படம், காஷ்மீர்க் கிராமத்து மக்களைப் பெரும்பாலும் கூட்டமாகவே காட்டுகிறது என்பது என் கருத்தும்கூட. ஏப்ரல் 24 அன்று கொல்லப்பட்ட அந்தத் தேர்தல் அலுவலரும் அரசு கொடுத்த வேலையைச் செய்யப் போய் உயிரை விட்டவர்தான். ஆனால் இந்தக் குறைக்கு மருந்து நினைவைக் குறைப்பதல்ல, கூட்டுவது. புலிமான்கோம்பைக் கல் எதிரியைத் திட்டவில்லை. தன் ஆள் யார், எங்கே இறந்தான் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுகிற நினைவுக்கு வெறுப்பு தேவைப்படுவதில்லை.

தோழமை விசுவாசமே ஆபத்தானது, தவறு செய்தவனையும் அது மூடி மறைக்கும் என்பது இன்னும் கடுமையான எதிர்ப்பு. உலகத்து ராணுவங்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பழி உண்டு. இதே சோபியான் மாவட்டத்தில், அம்ஷிபோராவில், 2020 ஜூலையில் மூன்று தீவிரவாதிகளைச் சுட்டுக்கொன்றதாகச் செய்தி வந்தது. இறந்தவர்கள் ரஜௌரியிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள் என்று பிறகு தெரிந்தது. படையினர் தங்களுக்குத் தரப்பட்ட அதிகாரத்தை மீறினார்கள் என்பதை ராணுவத்தின் விசாரணையே ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் விசுவாசத்துக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. காசிப்பத்ரியில் விழுந்தவர்களின் பெயருக்கு மரியாதை வேண்டுமென்றால், அம்ஷிபோராவில் நடந்ததை மூடக் கூடாது. உப்பிட்டவர் என்பது படைப்பிரிவு மட்டுமல்ல. அந்த மூன்று கூலித் தொழிலாளர்களும் சேர்ந்த நாடுதான்.

மூன்று மணி நேரப் படத்தில் எத்தனை பெயரைத்தான் சொல்வது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 2003இல் ஜே.பி.தத்தா எடுத்த ‘எல்.ஓ.சி. கார்கில்’ இந்திப் படம் முடிந்தவரை எல்லோரையும் உள்ளே கொண்டுவரப் பார்த்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பார்த்தவர்களுக்கு யார் யாரென்றே பிடிபடவில்லை. பெயர் பெருகப் பெருக முகம் மங்கிவிடும். ஒருவரின் முகத்தை மனத்தில் நிறுத்துவதுதான் சினிமாவின் பலம். அதை அமரன் நன்றாகச் செய்தது. சிவகார்த்திகேயனின் முகத்தில் ஒரு சிப்பாயைப் பார்த்த பையன் ஒருவன் விக்ரம் சிங் யாரென்று தேடிப் பார்த்தால், படம் தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி வேலையைத் திரையில் தேடக் கூடாது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் திருமங்கலத்திலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ டெல்லிக்குப் போய்ப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? நடுகல் எப்போதும் தலைநகரில் நின்றதில்லை. இறந்தவனின் ஊரில், மாடு போகும் வழியில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நின்றது.

ஆகவே கப்பலூர் முதல் உசிலம்பட்டி வரை உள்ள ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு கோரிக்கை. உங்கள் ஊரிலிருந்து போய்த் திரும்பாத ஒருவர் இருந்தால், அவருக்கு ஒரு கல் வையுங்கள். பெரிய சிலை வேண்டாம், தலைவர்கள் படம் வேண்டாம், திறந்து வைத்தவர் பெயரும் வேண்டாம். அவர் பெயர், ஊர், எங்கே எந்த நாளில் என்ன நடந்தது என்பது போதும். அதற்குக் கீழே, அவரோடு இறந்தவர்களின் பெயர்களையும் அவர்கள் ஊரையும் எழுதுங்கள், அந்த ஊர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும். பர்கல் முகாமில் லட்சுமணனோடு அன்று இறந்தவர்கள் ராஜஸ்தானைச் சேர்ந்த சுபேதார் ராஜேந்திர பிரசாத், ஹரியாணாவைச் சேர்ந்த ரைபிள்மேன் மனோஜ் குமார். காயங்களோடு போராடிப் பிறகு இறந்தவர், அதே ஹரியாணாவின் ரைபிள்மேன் நிஷாந்த் மாலிக்.